மிச்சிகனின் மூன்று குவார்ட்டர்பேக்குகள்: 2024இல் ரசிகர்கள் எதைப் பற்றி வாதிட்டார்கள்?

2024 செப்டம்பர் 14 அன்று ஆன் ஆர்பர் நகரில் ஆர்கன்சா ஸ்டேட் அணிக்கு எதிராக மிச்சிகன் பல்கலைக்கழகம் அமெரிக்கக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது, குவார்ட்டர்பேக் டேவிஸ் வாரன் வீசிய பந்தை எதிரணியினர் மூன்றாவது முறையாகத் தட்டிப்பறித்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் ஷெரோன் மோர் அவரை உட்காரவைத்துவிட்டு அலெக்ஸ் ஓர்ஜியைக் களமிறக்கினார். அந்த ஆட்டத்தில் மிச்சிகன் 28-18 என்று வென்றது. ஆனால் வெற்றியைப் பற்றிப் பேசியவர்களைவிட அடுத்த வாரம் யார் ஆட வேண்டும் என்று பேசியவர்களே அதிகம். எட்டு மாதங்களுக்கு முன்பு, அதே ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி, ஹூஸ்டனில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 34-13 என்று வீழ்த்தி, ஒரு தோல்விகூட இல்லாமல் 15 ஆட்டங்களையும் வென்று தேசியப் பட்டத்தைக் கைப்பற்றிய அணி இது. அந்த உயரத்திலிருந்து இறங்கிய வேகம்தான் விவாதத்தின் சூட்டுக்கு முதல் காரணம்.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு முயற்சிகள் கிடைக்கும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து பெரும்பாலும் முதலில் குவார்ட்டர்பேக்கின் கைக்குத்தான் வரும். அருகில் நிற்கும் ஓட்டக்காரரிடம் கொடுப்பதா, தானே எடுத்துக்கொண்டு ஓடுவதா, முன்னே ஓடிக்கொண்டிருக்கும் சக வீரருக்கு வீசுவதா என்பதை அவர் ஓரிரு நொடிகளில் முடிவு செய்ய வேண்டும். கிரிக்கெட்டில் தொடக்க ஆட்டக்காரர் சொதப்பினாலும் நடுவரிசையில் வருபவர் ஈடுகட்ட வழி இருக்கிறது. இங்கே அந்த இடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்க முடியும், அவர் சொதப்பினால் அணியின் தாக்குதல் முழுவதுமே முடங்கிப் போகும். அதோடு, கல்லூரிப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்கள் பன்னிரண்டே. இரண்டு மூன்று சனிக்கிழமைகள் தவறினால் ஓர் ஆண்டே கைவிட்டுப் போகிறது. லட்சம் பேருக்கு மேல் உட்காரும் மிச்சிகன் அரங்கத்தில் பொறுமை எளிதில் கிடைக்கும் பொருளன்று.

விவாதம் செப்டம்பரில் தொடங்கியதாகத் தோன்றினாலும் அதற்கான காரணங்கள் ஜனவரியிலேயே உருவாகிவிட்டன. பட்டம் வென்ற இரண்டு வாரத்தில் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா தொழில்முறை அணியான லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸுக்குப் போனார். அவரிடம் தாக்குதல் பிரிவைக் கவனித்துவந்த மோர் தலைமைப் பொறுப்புக்கு உயர்த்தப்பட்டார். குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி கல்லூரியில் இன்னும் ஆடும் தகுதி இருந்தும், தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் தேர்வுக்குப் பெயர் கொடுத்தார். ஏப்ரலில் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அவரைப் பத்தாவது இடத்தில் தேர்ந்தெடுத்தது. அவரையும் சேர்த்து அந்த ஒரே தேர்வில் மிச்சிகனிலிருந்து 13 பேர் போனார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் அதற்கு முன் அத்தனை பேர் ஒரே ஆண்டில் தேர்வானதில்லை. முதன்மை ஓட்டக்காரர் பிளேக் கோரம் போனார். பந்தைப் பிடிப்பவர்களில் முதல் இருவரான ரோமன் வில்சனும் கொர்னீலியஸ் ஜான்சனும் போனார்கள். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையில் வழக்கமாக ஆடியவர்கள் அத்தனை பேரும் கல்லூரிக் காலத்தை முடித்துக்கொண்டார்கள். முந்தைய ஆண்டு மெக்கார்த்தியைச் சுற்றி நின்ற தாக்குதல் பிரிவில் மிஞ்சிய பெரிய பெயர்கள் என்று பார்த்தால் டைட் எண்ட் (எதிரணியைத் தடுப்பதோடு பந்தையும் பிடிப்பவர்) கோல்ஸ்டன் லவ்லேண்டும் ஓட்டக்காரர் டொனோவன் எட்வர்ட்ஸும்தான்.

வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்திருக்கலாமே என்று ரசிகர்கள் கேட்டது நியாயமான கேள்வி. 2021 முதல் மாணவர்கள் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லாமல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். அப்படி மாற விரும்புவோர் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் எனப்படும் பதிவேட்டில் பெயர் கொடுப்பார்கள். ஆனால் அந்தப் பதிவேடு ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. அந்தப் பருவத்தில் டிசம்பரிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை ஒரு முறையும், ஏப்ரலின் பிற்பாதியில் ஒரு முறையும்தான் திறந்தது. நல்ல குவார்ட்டர்பேக்குகள் குளிர்காலத்திலேயே இடம் பார்த்துக்கொள்வார்கள். அந்த வாரங்களில் மிச்சிகன் பட்டத்துக்காக ஆடிக்கொண்டிருந்தது. மெக்கார்த்தி இருப்பாரா, ஹார்பாவே இருப்பாரா என்பதும் முடிவாகவில்லை. மோர் பொறுப்பேற்றபோது சந்தை கலைந்திருந்தது. ஏப்ரலில் தேடியிருக்கலாம், தேடாமல், இருப்பவர்களை நம்புவது என்று முடிவெடுத்தார்கள். அந்தப் பருவத்தில் குவார்ட்டர்பேக் தொடர்பாக எடுக்கப்பட்ட மிக முக்கியமான முடிவு அதுதான் என்பது என் கருத்து. செப்டம்பருக்குப் பிறகு எடுக்கப்பட்டவை எல்லாம் அதன் பின்விளைவுகள்.

இன்னொரு காரணம் இன்னும் பழையது. 2021இல் ஓஹையோ ஸ்டேட்டை வீழ்த்தி, மிச்சிகன் ஆடும் லீகான பிக் டென்னின் பட்டத்தையும் பெற்றுத்தந்த கேட் மெக்னமாராவுக்கும் இளையவரான மெக்கார்த்திக்கும் 2022இல் போட்டி வந்தபோது, ஹார்பா முதல் ஆட்டத்தை ஒருவருக்கும் இரண்டாவது ஆட்டத்தை மற்றவருக்கும் கொடுத்துப் பார்த்தார், மெக்கார்த்தி வென்றார். மெக்னமாரா பருவம் முடிந்ததும் அயோவாவுக்குப் போய்விட்டார். பழைய நாளில் இரண்டாம் இடத்தில் இருப்பவர் தன் முறை வரும்வரை காத்திருந்து பழகிக்கொள்வார். மாறுதல் எளிதான பிறகு ஆடத் தகுதியான இரண்டாமவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதில்லை. ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு முடிவும் மற்றவரை வழியனுப்பும் முடிவாகவும் ஆகிவிடுகிறது. மெக்கார்த்தி விலகிய இடம் அப்படித்தான் வெறுமையானது.

அந்த வெற்றிடத்துக்குப் போட்டியிட்ட மூவரும் மூன்று விதமானவர்கள். வாரன் கலிபோர்னியாவைச் சேர்ந்தவர். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது 2019இல் இரத்தப் புற்றுநோய் கண்டு, சிகிச்சை பெற்று மீண்டவர். உதவித்தொகை இல்லாமல் சொந்தச் செலவில் வந்து அணியில் சேர்ந்தவர். பந்து வீசும் நுட்பம் ஓரளவு உண்டு, ஓட்டம் பெரிதாக இல்லை. ஓர்ஜி டெக்சஸைச் சேர்ந்தவர். உடல்கட்டும் வேகமும் மிக்கவர். 2023இல் சில குறிப்பிட்ட தருணங்களில் மட்டும் பந்தோடு ஓடுவதற்காகக் களமிறக்கப்பட்டார். கல்லூரி ஆட்டத்தில் பந்து வீசிய அனுபவம் அவருக்கு அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். ஜாக் டட்டில் யூட்டா, இண்டியானா என்று சுற்றி மிச்சிகனுக்கு வந்து, கல்லூரி வாழ்க்கையின் ஏழாம் ஆண்டில் இருந்தவர். ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர், ஆனால் காயங்கள் அவரை விட்டபாடில்லை. இவர்கள் போக, முதலாண்டு மாணவர் ஜேடின் டேவிஸைக் களமிறக்கச் சொன்ன ஒரு கூட்டமும் இருந்தது. 2018 முதல் ஒரு மாணவர் நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் அவருடைய தகுதிக் காலத்தில் ஓர் ஆண்டு கழியாது என்ற விதி அவர்களுக்குக் கைகொடுத்தது.

முதல் ஆட்டத்தில் வாரன் தொடங்க, மிச்சிகன் பிரெஸ்னோ ஸ்டேட்டை 30-10 என்று வென்றது. அடுத்த வாரம் டெக்சஸ் பல்கலைக்கழகம் ஆன் ஆர்பருக்கே வந்து 31-12 என்று நொறுக்கியது. மூன்றாவது ஆட்டம் முடிந்தபோது வாரனின் கணக்கில், இலக்குக்கோட்டைக் கடந்து புள்ளி தரும் டச்டவுன் வீச்சுகள் இரண்டும் எதிரணி பறித்துக்கொண்ட ஆறு பந்துகளும் இருந்தன. ஆக, நான்காவது ஆட்டம் ஓர்ஜியின் கைக்கு வந்தது.

செப்டம்பர் 21 அன்று சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு எதிராக நடந்த அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரு தரப்பு வாதங்களுக்கும் அதிலேயே சான்று இருக்கிறது. நான்கு கால் பகுதிகளும் ஆடி, பந்து வீச்சின் மூலம் மிச்சிகன் முன்னேறிய மொத்தத் தூரம் 32 கஜம். ஆயினும் ஓர்ஜி எந்த நேரமும் தானே ஓடக்கூடியவர் என்பதால், எதிரணியின் தடுப்பாளர்களில் ஒருவர் எப்போதும் அவர்மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு நொடித் தயக்கம் ஓட்டக்காரர் கலெல் மலிங்ஸுக்கு வழிவிட்டது. கடைசி நிமிடங்களில் 24-20 என்று பின்தங்கியிருந்த மிச்சிகன், தன் பக்கத்து மூலையிலிருந்து 89 கஜம் போக வேண்டியிருந்தது. தன்னைப் பிடித்த ஒருவரின் பிடியை உதறிக்கொண்டு மலிங்ஸ் 63 கஜம் ஓடினார். பிறகு இலக்குக்கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால், நான்காவது, அதாவது கடைசி முயற்சியில், 37 நொடிகள் மிச்சமிருக்கையில் அவரே பந்தோடு உள்ளே நுழைந்தார். 27-24.

ஓர்ஜியை ஆதரித்தவர்களுக்கு அந்த ஆட்டம் ஒரு கொள்கையின் வெற்றியாகத் தெரிந்தது: வீசத் தெரியாவிட்டால் என்ன, பந்தைத் தொலைக்காமல் ஓடினாலே போதும். எதிர்த்தவர்கள் 32 என்ற எண்ணைக் காட்டி, இது எத்தனை வாரம் ஓடும் என்று கேட்டார்கள். விடை கிடைக்க இரண்டு வாரமே ஆனது. மின்னசோட்டாவுக்கு எதிராகக் கடைசிக் கால் பகுதியை 24-3 என்று தொடங்கிய மிச்சிகன், 27-24 என்று தப்பிப் பிழைத்தது. அக்டோபர் 5 அன்று சியாட்டிலில் வாஷிங்டனிடம் 14-0 என்று பின்தங்கியபோது மோர் ஓர்ஜியை நிறுத்திவிட்டு டட்டிலைக் கொண்டுவந்தார்.

நடந்தது என்னவென்றால், ஓர்ஜி வீசமாட்டார் என்று எதிரணிகள் கண்டுகொண்டதும் பின்னால் காவல் நிற்க வேண்டியவர்களையும் முன்னுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எட்டுப் பேர், சில வேளை ஒன்பது பேர், பந்து வைக்கப்படும் கோட்டுக்கருகே கூடி நின்றால், எத்தனை வேகமான குவார்ட்டர்பேக்கானாலும் ஓட வழி கிடையாது. வீசும் அச்சுறுத்தல் இல்லாமல் ஓடும் அச்சுறுத்தலும் நிலைக்காது. வாரன் ஆடும்போது இதன் மறுபக்கம் தெரிந்தது: அவருக்குப் பந்து வீசத் தேவையான நேரத்தைப் புதிய முன்வரிசையால் கொடுக்க முடியவில்லை, தூரத்தில் தனியாகப் பிரிந்து நிற்கக்கூடிய வேகமான பிடிப்பாளர்களும் இல்லை, எனவே பந்துகள் கிட்டத்தட்ட எல்லாமே லவ்லேண்டை நோக்கிப் போயின, எதிரணிக்கும் அது தெரிந்திருந்தது. லவ்லேண்ட் அந்தப் பருவத்தில் 56 பந்துகளைப் பிடித்தார். அடுத்த ஆண்டு என்எஃப்எல் தேர்வில் அவரைப் பத்தாவது இடத்தில் எடுத்தது சிகாகோ பேர்ஸ். அவ்வளவு திறமையானவருக்கே அந்த அணியில் மூச்சுவிட இடம் இருக்கவில்லை.

டட்டில் வந்ததும் வாஷிங்டனுக்கு எதிராக மிச்சிகன் 17-14 என்று முன்னிலைக்கு வந்தது. பிறகு அதையும் இழந்து 27-17 என்று தோற்றது. ஒரு வார இடைவெளியும் பயிற்சியும் கிடைத்தால் இவர் சரிசெய்துவிடுவார் என்ற நம்பிக்கை அக்டோபர் நடுவில் பரவலாக இருந்தது. களத்தில் இன்னும் சோதிக்கப்படாதவர்மேல் மக்களுக்கு வரும் அதே நம்பிக்கைதான். ஊரில் மிகவும் பிரபலமானவர் மாற்றுக் குவார்ட்டர்பேக்தான் என்று அமெரிக்கர்கள் கேலியாகச் சொல்வதுண்டு. அக்டோபர் 19 அன்று இல்லினாயில், மிச்சிகனுக்காக டட்டில் தொடங்கிய முதலும் கடைசியுமான ஆட்டத்தில் அணி எடுத்தது ஏழு புள்ளிகள், தோல்வி 21-7. அந்த மாதம் முடிவதற்குள், தலையில் மீண்டும் மீண்டும் பட்ட அதிர்ச்சிக் காயங்களைக் காரணம் காட்டி, கால்பந்திலிருந்தே ஓய்வு பெறுவதாக டட்டில் அறிவித்தார். அவரை எதற்காக முன்பே இறக்கவில்லை என்று வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அவருடைய உடல்நிலை பற்றிப் பயிற்சியாளர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூடத் தங்களுக்குத் தெரியாது என்பதை அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். ரசிகர் பார்ப்பது சனிக்கிழமையின் மூன்றரை மணி நேரம். பயிற்சியாளர் பார்ப்பது மற்ற நாள்களையும் சேர்த்து. அதற்காகப் பயிற்சியாளர் எப்போதும் சரி என்று ஆகிவிடாது. ஏப்ரலில் யாரையும் சேர்க்காமல் விட்டவர்களும் அவர்கள்தானே.

இதே பல்கலைக்கழகத்தில் அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன் நடந்ததை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். 1999இல் பயிற்சியாளர் லாயிட் காரிடம் இரண்டு குவார்ட்டர்பேக்குகள் இருந்தார்கள். ஒருவர் கலிபோர்னியாவிலிருந்து வந்து, நெடுநாள் காத்திருந்து முதலிடத்துக்கு வந்த மூத்த மாணவர். மற்றவர் மிச்சிகன் மாநிலத்தின் பிரைட்டன் ஊரில் வளர்ந்தவர், நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியும் ஒப்பந்தம் செய்திருந்த அபூர்வத் திறமைசாலியான டிரூ ஹென்சன். கார் ஒரு சமரசம் செய்தார்: முதல் கால் பகுதி மூத்தவருக்கு, இரண்டாவது ஹென்சனுக்கு, பிற்பாதி இருவரில் யார் நன்றாக ஆடினாரோ அவருக்கு. மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தில் பிற்பாதியை ஹென்சனுக்குக் கொடுத்தார். அணி வெகுவாகப் பின்தங்கிய பிறகு மூத்தவரை மறுபடி இறக்க, அவர் விட்டதையெல்லாம் துரத்திப் பிடித்து, 34-31 என்ற அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அதன்பின் சமரசம் கைவிடப்பட்டது. பருவ இறுதியில் நடக்கும் ஆரஞ்ச் பௌல் ஆட்டத்தில் அலபாமாவுக்கு எதிராக 369 கஜம் வீசி, 35-34 என்று கூடுதல் நேரத்தில் வென்று தந்துவிட்டு அவர் கல்லூரியை விட்டுப் போனார். என்எஃப்எல் தேர்வில் 199ஆவது இடம்வரை அவரை எந்த அணியும் சீண்டவில்லை. பின்னாளில் என்எஃப்எல்லின் தலைசிறந்த குவார்ட்டர்பேக்குகளில் ஒருவராகப் போற்றப்பட்ட அவர் பெயர் டாம் பிரேடி.

இந்தக் கதையை இரு தரப்பினரும் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் வேடிக்கை. பெஞ்சில் இருப்பவரை நம்பச் சொல்பவர்களும் பிரேடியைக் காட்டுவார்கள், ஆடிக்கொண்டிருப்பவரை மாற்றாதே என்பவர்களும் பிரேடியைக் காட்டுவார்கள். ஆனால் 1999க்கும் 2024க்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அன்று இருவரில் எவர் ஆடினாலும் வெல்லக்கூடிய அணி அது. அந்தப் பருவத்தை 10-2 என்று முடித்தது. அன்றைய கேள்வி எவர் சிறந்தவர் என்பது. 2024இல் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: இந்த முன்வரிசையையும் இந்தப் பிடிப்பாளர்களையும் வைத்துக்கொண்டு ஒரு குவார்ட்டர்பேக்கிடம் எவ்வளவு கேட்கலாம்? வாரனா ஓர்ஜியா என்று மாறிமாறிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஆட்டத் திட்டத்தை வகுத்த தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் கர்க் கேம்ப்பெல்மேல் விழ வேண்டிய வெளிச்சம் நெடுநாள் விழாமலே இருந்தது.

அக்டோபர் 26 அன்று மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக வாரன் மீண்டும் தொடக்க ஆட்டக்காரரானார். இம்முறை அவரிடம் குறைவாகக் கேட்டார்கள். குறுகிய வீச்சுகள், ஆபத்தில்லாத முடிவுகள், ஓடுவதற்காக அவ்வப்போது ஓர்ஜி, ஒரு முறை ஓட்டக்காரர் எட்வர்ட்ஸே லவ்லேண்டுக்கு வீசிய டச்டவுன். எதிரணிக்குப் பறிக்க ஒரு பந்துகூடக் கிடைக்கவில்லை. மிச்சிகன் 24-17 என்று வென்றது. நாட்டின் முதலிடத்தில் இருந்த ஓரிகனிடமும், தோல்வியே காணாமல் வந்த இண்டியானாவிடமும் அடுத்தடுத்துத் தோற்றாலும், இண்டியானாவை 20-15 வரை நெருக்கியது. பருவத் தொடக்கத்தில் இருந்த அதே வாரன்தான். மாறியது அவர்மேல் வைக்கப்பட்ட சுமை.

அதன் உச்சம் நவம்பர் 30, கொலம்பஸில் ஓஹையோ ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டம். இரண்டாம் இடத்தில் இருந்த எதிரணி சுமார் 20 புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்று பந்தயக்காரர்கள் கணித்திருந்தார்கள். லவ்லேண்ட் ஆடவில்லை. வாரன் 62 கஜம் மட்டுமே வீசினார். இரண்டு பந்துகளைப் பறிகொடுத்தார், அதில் ஒன்று இலக்குக்கோட்டின் வாசலில். புள்ளிவிவரத்தை மட்டும் ஒருவரிடம் காட்டினால் மிச்சிகன் படுதோல்வி அடைந்தது என்றே சொல்வார். ஆனால் தடுப்புப் பிரிவு ஓஹையோ ஸ்டேட்டைப் பத்துப் புள்ளிகளுக்குமேல் எடுக்கவிடவில்லை, மலிங்ஸ் 116 கஜம் ஓடினார், 45 நொடிகள் இருக்கையில் டொமினிக் ஸ்வாடா 21 கஜத்திலிருந்து பந்தை உதைத்து 13-10 என்று முடித்துவைத்தார். தோற்ற ஓஹையோ ஸ்டேட் பிறகு தேசியப் பட்டத்தையே வென்றது.

அந்த வெற்றியால் எந்தத் தரப்பும் ஜெயித்துவிடவில்லை. வாரனே வேண்டும் என்றவர்களுக்கு 62 கஜம் உதவாது. வேண்டாம் என்றவர்களுக்கு 13-10 உதவாது. சில நாள்களில் கேம்ப்பெல் நீக்கப்பட்டார். அதற்கு முன்பே, நவம்பர் 21 அன்று, ஆன் ஆர்பருக்கு அருகிலுள்ள பெல்வில் பள்ளியில் படித்தவரும் அந்த ஆண்டு நாட்டின் முதல்நிலைப் பள்ளி வீரராக மதிப்பிடப்பட்டவருமான பிரைஸ் அண்டர்வுட், லூசியானா ஸ்டேட்டுக்குக் கொடுத்திருந்த வாக்கை மாற்றி மிச்சிகனுக்கு வருவதாக அறிவித்திருந்தார். வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் ஈட்டலாம் என்று 2021இல் வந்த மாற்றம் இதற்கு வழிவகுத்தது; அவருக்குப் பேசப்பட்ட தொகை பல மில்லியன் டாலர் என்று செய்திகள் வந்தன. முந்தைய குளிர்காலத்தில் தவறவிட்டதை இந்தக் குளிர்காலத்தில் வாங்கினார்கள். கூடவே பதிவேட்டிலிருந்து ஓர் அனுபவசாலியும் வந்தார்: மைக்கி கீன், பருவத்தின் முதல் ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் பிரெஸ்னோ ஸ்டேட்டுக்காக ஆடிய அதே குவார்ட்டர்பேக்.

டிசம்பர் 31 அன்று அலபாமாவுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் வாரன் தொடங்கினார். முதல் கால் பகுதியிலேயே எதிரணி மூன்று முறை பந்தைத் தொலைக்க, மிச்சிகன் 16-0 என்று முன்னேறியது. பிற்பாதியில் வாரனின் முழங்கால் தசைநார் கிழிந்தது. எஞ்சிய ஆட்டத்தை ஓர்ஜி ஆடி முடித்தார், பிறகு நெவாடா-லாஸ் வேகஸுக்கு மாறிப்போனார். இருவரும் சேர்ந்து ஆடியும் மிச்சிகனின் மொத்த முன்னேற்றம் அன்று 200 கஜத்தைத் தொடவில்லை. ஆட்டத்தை 19-13 என்று வென்றது, பருவம் 8-5 என்று முடிந்தது.